டிக்கெட் எடுத்தவனுக்கு வாய் கூடாதா?

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றும் அடிவாங்கியதற்கு, முதல் நாள் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்கள்தான் காரணம், அவர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி முதல் 3 நாள் இணையத்தில் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று உத்தரவு கேட்டது. விமர்சிப்பது கருத்துரிமை என்று சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இது படத்தை விற்கிறவர்கள் பேச்சு. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், விழா மேடைகளில் பேசுகிறவர்கள் வேறு பாட்டுப் பாடுவார்கள். சாதாரண ரசிகனுக்குப் பொழுது போனால் போதும். நாலு சண்டை, நாலு பாட்டு இருந்தால் கைதட்டிவிட்டுப் போய்விடுவான். நல்ல படம் எடுத்தால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். தமிழ் சினிமா உருப்படாததற்கு அவன்தான் காரணம் என்பார்கள். அவன் பேசுவதால் சினிமா கெடுகிறது என்கிறது ஒரு கோஷ்டி. அவன் ரசிப்பதால் கெடுகிறது என்கிறது மற்றது. சும்மா படம் பார்க்கிறவன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதில் மட்டும் இரண்டு கோஷ்டிக்கும் சண்டையே இல்லை. தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் படம் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது சுத்தப் பிதற்றல்.

முதலில் தயாரிப்பாளர்கள் கட்சியைப் பார்ப்போம். 'இந்தியன் 2' 2024 ஜூலை 12 அன்று வந்தது. இழுவை என்றார்கள் பார்த்தவர்கள். மூன்றாம் நாளே 12 நிமிடத்தைக் குறைத்துவிட்டதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. 'கங்குவா' நவம்பர் 14 அன்று வந்தது. சத்தம் காதைப் பிளக்கிறது என்றார்கள். ஒலி அளவைக் குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். சில நாளில் அதிலும் 12 நிமிடம் கழிந்தது. கணவர் நடித்த படத்துக்காகப் பரிந்து எழுதிய ஜோதிகாகூட, முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டுதான் மேலே பேசினார். வாசலில் நின்றவன் பொறாமையில் உளறினான் என்றால், அந்த உளறலைக் கேட்டு எடிட்டிங் மேஜையில் எதற்குக் கத்தரியைத் தூக்கினார்கள்? அவன் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, அவனைப் பேசவிடாதே என்று கோர்ட்டுப் படியும் ஏறுவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மைக் முன்னால் ஆடுகிறவர்களில் எதிர் நடிகரின் ரசிகர்களும் உண்டு, முகம் தெரிய வேண்டும் என்று கத்துகிறவர்களும் உண்டு. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சும்மா பார்க்கிறவர்கள் கிடையாது. அது தொழில், அல்லது வெறி. நான் சொல்கிற ஆள் முதல் நாள் தியேட்டர் பக்கமே வர மாட்டார். உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் படம் என்பது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். நாலு பேருக்கு டிக்கெட், பஸ் காசு, இடைவேளையில் பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று போட்டால் ஒரு ஆள் காட்டு வேலைக்குப் போன கூலி காணாமல் போய்விடும். அதனால் விசாரிக்காமல் கிளம்ப மாட்டார்கள். அந்த விசாரணை இப்படி நடக்கும்:

"படம் எப்படிண்ணே?"

"மொதப் பாதி போறதே தெரியல. பெறகு இழுத்துட்டாய்ங்க. வில்லன் செத்தப்பறமும் அரை மணி நேரம் ஓடுது."

"பிள்ளைகளக் கூட்டிட்டுப் போலாமா?"

"ரத்தம் சாஸ்தி. சின்னவன விட்டுட்டுப் போங்க. ஒருவாட்டி பாக்கலாம்."

கதை எந்த இடத்தில் தளர்ந்தது, முடிவுக்குப் பிறகும் ஏன் ஓடியது, யாருக்கு ஏற்றது, மொத்தத்தில் தேறுமா என்று எல்லாமே இதில் வந்துவிட்டது. ஆங்கிலப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் இதைச் சொல்ல முக்கால் பக்கம் எடுத்துக்கொள்வார். அதில் பாதி கதைச் சுருக்கமாக இருக்கும்.

ரசனை இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1977-ல் '16 வயதினிலே' எடுத்தார். கோமணம் கட்டிய கதாநாயகன், மேக்கப் இல்லாத கிராமம். விவரம் தெரிந்த விநியோகஸ்தர்கள் யாரும் வாங்க முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு சொந்தமாகவே வெளியிட வேண்டியிருந்தது. சினிமாவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் தேறாது என்று ஒதுக்கிய படத்தை வெள்ளிவிழாவுக்குக் கொண்டுபோனது யார்? திரைப்படக் கழகங்களா? டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து, வெளியே வந்து நாலு பேரிடம் சொன்ன அதே சும்மா பார்க்கிறவர்கள்தான்.

சொந்த ஊர்ப் பையன் என்ற பாசத்தில் தூக்கிவிட்டார்கள் என்று யாராவது சொல்லலாம். அப்படியானால் 1980-ல் அதே பாரதிராஜா எடுத்த 'நிழல்கள்' ஏன் படுத்தது? 1982-ல் 'காதல் ஓவியம்' ஏன் ஓடவில்லை? இரண்டிலும் இசை பண்ணைப்புரத்து இளையராஜா. 'நிழல்கள்' வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து முதன்முதலில் பாட்டெழுதிய படம். ஊர்ப்பாசம் வேலை செய்யும் என்றால் இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடைக்காது. ஆனால் நடந்தது என்ன? பாட்டுகளை எடுத்துக்கொண்டார்கள், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'காதல் ஓவியம்' பாட்டுகள் இன்றைக்கும் டீக்கடைகளிலும் இரவு பஸ்களிலும் ஓடுகின்றன. படத்தின் கதையைக் கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். நல்லதையும் நல்லதில்லாததையும் ஒரே படத்துக்குள் பிரித்து எடுக்கத் தெரிந்தவனுக்கு ரசனை இல்லை என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

இந்தப் பிரிக்கும் பழக்கம் சினிமாவோடு வந்ததும் இல்லை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காக எஸ்டேட் தொழிலாளர்கள் மத்தியில் பாடினார். பிற்பாடு தம்பிகளும் அந்தக் கச்சேரிகளில் கூடவே போனார்கள். கேட்டது யார்? நாளெல்லாம் மலைச் சரிவில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்த கூட்டம். அதற்கு டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, பிடிக்காவிட்டால் எழுந்து போவதற்குத் தடையும் கிடையாது. ஒரு பாட்டு தொய்ந்தால் வேட்டியைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தை உட்கார வைக்கப் பழகியவர்தான் 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசை போட்டார். பொழுதுபோக்கு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள், இளையராஜாவின் முதல் பரீட்சைத் தாள்களைத் திருத்தியது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கோம்பை, தேவாரம், கம்பம், போடிப் பக்கம் விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் கிளம்பும். பெண்களை அடைத்துக்கொண்டு கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலை ஏலத்தோட்டங்களுக்குப் போகும். உட்கார இடமில்லாத அந்த ஜீப்பில் அலசப்படாத படம் கிடையாது. ஒரு படத்தில் கதாநாயகி ஏலக்காய் பறிக்கிற மாதிரி ஒரு காட்சி வந்ததாம். நின்ற வாக்கில், தேயிலைக் கொழுந்து கிள்ளுவதுபோலச் செடியின் உச்சியில் கையை அலையவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பறித்தாளாம். ஏலச்செடி உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில்தான் காய் இருக்கும். ஈரத்தில் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும், அட்டை ஏறும், சாயங்காலம் இடுப்பு கேட்கும். "அந்தப் பிள்ளைக்கு இடுப்பே வலிக்கல பாத்தியா மதினி" என்றாள் ஒருத்தி. ஜீப்பே சிரித்தது. யதார்த்தவாதம் பற்றிப் பல கட்டுரைகள் படித்திருக்கிறேன். பொய்யான காட்சியை இவ்வளவு சிக்கனமாகக் காலி செய்த வாக்கியம் ஒன்றையும் அவற்றில் பார்த்த ஞாபகம் இல்லை.

தொலைக்காட்சித் தொடர் பார்க்கிற பெண்களைப் பற்றிப் பேசும்போது நம்முடைய அறிவாளிகள் இன்னும் ஒரு படி இறங்குவார்கள். மூளையை அடகு வைத்தவர்கள், மாமியார் மருமகள் சண்டைக்கு அழுகிறவர்கள் என்று ஜோக்கு அடிப்பார்கள். அந்த வீடுகளில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும், வெங்காயம் உரிக்கிற கை நிற்காது, வாயும் நிற்காது. "ஒரு அறை விழுந்ததை மூணு தரம் காட்டுறான். பெறகு வீட்டுல இருக்கிற அம்புட்டுப் பேரு மூஞ்சியையும் காட்டுறான். அதுக்குள்ள எனக்கு ஒல கொதிச்சிரும்" என்பாள் அக்கா. நாளைக்கு என்ன நடக்கும் என்றும் அவளே சொல்லிவிடுவாள், அப்படியே நடக்கும். அவள் ஏமாந்து பார்க்கவில்லை. கதை எங்கே போகும், எப்படி இழுப்பார்கள் என்று தெரிந்தே, வேலைக்குப் பக்கத்துணையாக ஓடவிட்டிருக்கிறாள். அவளை ஏமாற்ற முயல்கிறவர்கள்தான் தினமும் அரை மணி நேரம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதே அக்காவிடம் 'மெட்டி ஒலி' என்று சொல்லிப் பாருங்கள். உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவாள். 2002 முதல் 2005 வரை சன் டி.வி.யில் வந்த தொடர். திருமுருகன் இயக்கியது. வசனம் தேனி மாவட்டத்துக்காரரான எழுத்தாளர் பாஸ்கர் சக்தி. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பா, கட்டிக்கொடுத்த வீடுகளில் அந்தப் பெண்கள் படுகிற பாடு. அதிலும் அழுகை உண்டு, இழுவையும் உண்டு. ஆனாலும் ஜனங்கள் பேசுகிற மாதிரி பேசினார்கள். சீர் செய்ததில் குறை சொல்கிற சம்பந்தி எப்படிக் கண்ணைப் பார்க்காமல் பேசுவாள் என்பது சரியாக இருந்தது. அது வேறு, இது வேறு என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு எந்தப் பட்டறையும் தேவைப்படவில்லை. 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பியபோது மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள்.

பக்கத்துக் கேரளா விவகாரத்திலும் இந்தத் தராசு சரியாகவே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாயைத் தாண்டியதாகத் திரைத்துறையினரே கணக்குச் சொன்னார்கள். மலையாளப் படம், டப்பிங் இல்லாமலே ஓடியது. எழுத்தாளர் ஜெயமோகன் அதைக் குடிகாரர்களின் கூத்து என்று கடுமையாகச் சாடினார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காட்டில் பாட்டில் உடைத்துவிட்டுப் போகிறவர்களை மலையடிவாரத்துக்காரர்களான எங்களுக்கும் பிடிக்காது. ஆனாலும் குழியில் விழுந்த ஒருவனைத் தூக்க இன்னொருவன் கயிற்றோடு இறங்குகிற படம் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். கொடைக்கானலில் தமிழ்நாட்டுப் போலீஸ் அந்தப் பையன்களை அடிக்கிற காட்சி அதில் உண்டு. அதற்காக இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று தெரியும். அடுத்த வருஷம் 'எம்புரான்' வந்தது. முல்லைப் பெரியாறு அணையைச் சாடையாக இழுத்தார்கள் என்றதும் கம்பத்தில் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அணை அது; இந்தப் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். படத்தை எதிர்ப்பது சரியா என்று தனியாகச் சண்டை போடலாம். நான்கூட எதிர்த்திருக்க மாட்டேன். ஆனால் எது கதைக்குத் தேவையான வசை, எது நம் வயலில் கை வைக்கிற வசனம் என்று பிரித்துப் பார்த்தவர்களை, திரையில் வருவதையெல்லாம் விழுங்குகிறவர்கள் என்று எப்படிச் சொல்வது?

விழுங்குகிறவர்கள் என்பதற்கு அத்தாட்சியாக எங்கள் மாவட்டத்தைத்தான் பெரும்பாலும் கைகாட்டுவார்கள். 1962-ல் தேனியில் எஸ்.எஸ். ராஜேந்திரன், 1984-ல் ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர்., 1989-ல் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா, பிறகு ஆண்டிபட்டியில் மறுபடி ஜெயலலிதா. சினிமா மயக்கத்தில் ஓட்டுப் போடுகிற ஊர் இது என்பது டெல்லிப் பத்திரிகைகள் வரைக்கும் பரவிய பல்லவி. இந்தப் பல்லவியைப் பாடுகிறவர்கள் 1989 போடித் தேர்தலை முழுதாகச் சொல்வதில்லை. அன்று ஜெயலலிதாவை எதிர்த்து, அ.தி.மு.க.வின் ஜானகி அணி சார்பில் நின்றவர் வெண்ணிற ஆடை நிர்மலா. 1965-ல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை'யில்தான் ஜெயலலிதாவும் நிர்மலாவும் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமானார்கள். ஒரே படத்தில் வந்த இரண்டு நட்சத்திரங்கள், ஒரே தொகுதி. நட்சத்திரத்துக்குத்தான் ஓட்டு என்றால் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். நிர்மலா எடுபடவே இல்லை. அதே தேர்தலில் திருவையாற்றில் சிவாஜி கணேசனே தோற்றார். கட்சி எது, படம் எது என்று தெரிந்துதான் குத்தினார்கள். குத்தியது சரியா தப்பா என்பது வேறு கேள்வி.

எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் வாதாடவில்லை. கறுப்பாக இருக்கிறவனை, குண்டாக இருக்கிறவளைக் கிண்டல் செய்கிற காமெடிக்கு இன்னும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிப்பதைக் காதல் என்றே நம்புகிறார்கள். தேனி, மதுரை என்றாலே அரிவாள் என்று எடுக்கிற படங்களைப் பார்த்து, "எங்கூர்லயாடா இம்புட்டு அரிவா?" என்று நக்கலும் அடிப்பார்கள், விசிலும் அடிப்பார்கள். இதற்கெல்லாம் அவர்களோடு சண்டை போடலாம், நானும் போட்டிருக்கிறேன். சண்டை போடுவதற்கு எதிரே ஒரு கருத்து இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிராளியே இல்லை, வெறும் கூட்டம்தான் இருக்கிறது என்பவர்களோடுதான் எனக்குத் தகராறு.

கடைசியாக அவர்கள் எடுக்கிற ஆயுதம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வந்த படம். ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலை ஏறி இறங்குகிற ரங்கசாமி, தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். கடைசியில் தன் நிலத்தில் நட்ட காற்றாலைக்குத் தானே காவல்காரனாக உட்காருகிறான். இந்த மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இங்குள்ள ஜனங்களையே நடிக்க வைத்து எடுத்தது, இளையராஜா இசை. "உங்கள் வாழ்க்கையையே படமாக எடுத்தார்களே, நீங்களே கூட்டமாகப் போய்ப் பார்க்கவில்லையே, இப்போது என்ன சொல்கிறாய்?" என்பார்கள். சொல்கிறேன்.

நட்சத்திரம் இல்லாத சின்னப் படத்துக்கு எங்கள் பக்கத் தியேட்டர்களில் என்ன நேரம் கிடைக்கும் என்று இவர்களில் யாராவது விசாரித்திருக்கிறார்களா? காலைக் காட்சி, மிஞ்சினால் மதியக் காட்சி. சாயங்காலமும் இரவும் பெரிய படத்துக்கு. அந்த நேரத்தில் ரங்கசாமிகள் எங்கே இருப்பார்கள்? ஏலக்காட்டில். விடியுமுன் ஜீப் ஏறியவர்கள் வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிடும். வெள்ளிக்கிழமை வந்த படம் நல்லாயிருக்கு என்ற பேச்சு ஊருக்குள் பரவி, குடும்பத்தோடு கிளம்பலாம் என்று நினைக்கிற அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டியிருக்கும். சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர அன்று '16 வயதினிலே'க்கு அவகாசம் இருந்தது. இன்று அந்த வாய்ப்பேச்சுக்கு முழுசாக ஒரு வாரம் கிடைப்பதில்லை. தியேட்டர்காரரையும் குறை சொல்ல முடியாது. பல ஊர்களில் தியேட்டர்கள் கல்யாண மண்டபம் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பவர் கரண்டு பில் கட்ட வேண்டும். ஆனால் காட்சி நேரத்தைப் போட்டது பார்வையாளன் இல்லையே.

பிற்பாடு டி.வி.யிலும் போனிலும் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு பெரியவர், பல வருஷம் மூட்டை தூக்கியவர், என்னிடம் படத்தின் அரசியலைப் பற்றிப் பேசவில்லை. ரங்கசாமியின் மூட்டை சரிவில் உருண்டு காய் சிதறுகிற இடத்தைத்தான் சொன்னார். "அந்த எடத்துல கத்தி அழுதுருந்தான்னா நா டிவிய அமத்திருப்பேன். மூட்ட போனா அழுகை வராதுப்பா, கணக்குத்தேன் வரும்" என்றார். பிறகு, படம் கொஞ்சம் மெதுவு, நடுவில் கட்சிக்காரர்கள் வருகிற பகுதியைச் சுருக்கியிருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். பாராட்டும் குறையும் ஒரே மூச்சில்.

அதற்கு முன்பு, 2010 டிசம்பரில் வந்த 'தென்மேற்குப் பருவக்காற்று'க்கும் தியேட்டரில் இப்படித்தான் ஆனது. தேனிப் பக்கம் எடுத்த படம். சரண்யாவுக்குச் சிறந்த நடிகை, வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர், சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதுகள் வந்து சேர்ந்தன. விருது அறிவித்தபோது, போய்ப் பார்க்கலாம் என்று தேடியவர்களுக்குத் தியேட்டரில் படம் இல்லை.

அதனால், எங்கள் ஜனங்களுக்கு நல்ல படம் பிடிக்காது என்று அடுத்த முறை எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு யோசனை. அப்படிப்பட்ட ஒரு படத்துக்குக் கம்பத்திலும் போடியிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சியை, ஒன்றல்ல, தொடர்ந்து மூன்று ஞாயிறு வாங்கிக் கொடுங்கள். டிக்கெட்டை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் வையுங்கள். மூன்றாவது ஞாயிறும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் நீங்கள் எழுதுவதை நானே திருத்திக் கொடுக்கிறேன்.